காலி சைடுகாரின் பாரம்

பொய்யாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

வசந்தா இன்றைக்கும் தனக்குள் இதைத்தான் சொல்லிக்கொள்கிறாள். யாராவது பேய், பிசாசு என்று பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிறவள் அவள். ஆனால் அன்று அவளுக்குக் காய்ச்சல் இல்லை, தூக்கக் கலக்கம் இல்லை. நடந்த நேரம்கூட நினைவிருக்கிறது. 1974, ஆவணி முதல் தேதி, சனிக்கிழமை. ஆடியில் வண்டி வாங்கக்கூடாது என்று ஒரு மாதம் காத்திருந்து வாங்கிய சாமான் அது.

சைடுகார் வேண்டும் என்று கேட்டதே அவள்தான். அவள் புருஷன் சிங்காரம் சொந்த ஊரான மாமல்லபுரத்தில் மீன் எடுத்து, புல்லட்டில் கூடை கட்டிக்கொண்டு போய்ச் செங்கல்பட்டு மார்க்கெட்டில் போடுகிறவன். மகள் பாப்பாவுக்கு எட்டு வயது. இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் காலுக்குப் பயிற்சி. விடாமல் வந்தால் நடந்துவிடுவாள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு பஸ் மாறி, அவளை இடுப்பில் சுமந்து போய் வருவதற்குள் வசந்தாவின் முதுகு விட்டுப்போகும். ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது, ‘இவளை இன்னும் எத்தனை வருஷம் தூக்குவேன்’ என்று நினைத்துவிட்டாள். நினைத்த அந்த நிமிஷமே தன்னை வெறுத்தாள். அந்த வெறுப்பில்தான் சைடுகார் கேட்டாள்.

விற்றவர் காசிநாதன். செங்கல்பட்டு ஏரிக்கரைப் பக்கம் வீடு. அறுபது வயதிருக்கும். கொட்டகையில் எட்டு வருஷமாகச் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது அந்தச் சைடுகார். வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். ஒற்றைச் சக்கரம், படகு மாதிரி மூக்கு, உள்ளே ஒரு தோல் சீட்டு. சாக்கை எடுத்ததும் தூசி பறந்தது. கால் வைக்கும் இடத்தில் தூசி, விளிம்பில் தூசி. சீட்டில் மட்டும் இல்லை.

“இதுல யாரு குந்தப் போறாங்க?” என்று கேட்டார் காசிநாதன்.

“எம் பொண்ணு. எட்டு வயசு.”

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. பேரம்கூடப் பேசாமல் கொடுத்துவிட்டார்.

மெக்கானிக் பன்னீர்செல்வம் அந்தக் கொட்டகையிலேயே அதைப் புல்லட்டின் இடது பக்கம் சேர்த்து, நாலு இடத்தில் போல்ட் போட்டு முடுக்கினான். பிறகு ஒரு மூட்டை மணலைத் தூக்கிச் சீட்டில் வைத்தான். ஸ்பிரிங் இரண்டு விரல்கடை இறங்கியது.

“காலியா ஓட்டாத அண்ணாத்த. எடது பக்கம் ஒடிச்சா இந்தச் சக்கரம் எகிறிக்கும். வண்டியே கவுந்துரும்.”

“நான் உள்ள குந்திக்கினா?” என்றாள் வசந்தா.

“வாணாம் அக்கா. மொத ஓட்டம், போல்ட்டு எப்டி புடிக்குதுன்னு பாக்கணும். மண்ணுக்கு எதுனா ஆச்சுன்னா யாரு அழப்போறா?”

சக்கரத்துக்கு அடியில் வைக்கச் சிங்காரம் மடியிலிருந்து எலுமிச்சம்பழம் எடுத்தான். இரண்டே இரண்டு.

“இன்னா அண்ணாத்த, மூணு சக்கரம் கீது, ரெண்டு பழம் வாங்கினு வந்துகீறே?”

“பழக்கதோசம்டா. அது சும்மா கூட ஓடற சக்கரம்தான? அதுக்கு இன்னாத்துக்குப் பழம்?”

மூன்று பேரும் சிரித்தார்கள். காசிநாதன் சிரிக்கவில்லை. இரண்டு பழங்கள் நசுங்கின. மூன்றாவது சக்கரம் வெறும் தரையில் உருண்டு வெளியே வந்தது.

மாலை 5.35. கிளம்பினார்கள்.

வசந்தா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் சைடுகார் பக்கம். ஊர் தாண்டியதும் வயல் காற்று. செவ்வாய்க்கிழமை பாப்பா இதில் ராணி மாதிரி உட்கார்ந்து வருவாள் என்று நினைத்தபோது, பல மாதங்களாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அவளுக்குள் தளர்ந்தது.

சிங்காரத்தின் கைக்கடிகாரத்தில் 5.58. அவன் ஏதோ முணுமுணுத்தான். பாட்டு என்று நினைத்தாள்.

“தோ... வந்துட்டோம்.”

கொஞ்ச தூரம் போனதும் மறுபடி. “கிட்டதான்... வந்துட்டோம்.”

“யாராண்டய்யா பேசுறே?”

“உன்னாண்டதான். சும்மா சும்மா கேட்டுகினே வர்றியே.”

“நான் இன்னா கேட்டேன்?”

“இன்னும் எவ்ளோ தூரம்னு.”

வசந்தா வாயே திறக்கவில்லை. புல்லட் போடும் சத்தத்தில் அவள் இப்போது பேசியதே கத்திப் பேசியதுதான். மெதுவாக யாராவது கேட்டிருந்தால் அவனுக்கு எப்படிக் கேட்டிருக்கும்?

6.20. திருக்கழுக்குன்றத்துக்குச் சற்று முன்னால் போல்ட் பார்க்க வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். சைடுகாருக்குள் எட்டிப் பார்த்தான்.

மூட்டை சப்பையாகக் கிடந்தது. சாக்கு ஓரத்தில் கிழிந்திருந்தது. தரைத் தகட்டில் ஒரு துரு ஓட்டை. வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது. கையால் அள்ளினால் ஒரு பிடி மணல் தேறாது.

“ரெண்டு எடது வளைவு தாண்டி வந்துகீறோம்...” என்றான். “சக்கரம் எகிறவேயில்ல.”

குனிந்து ஸ்பிரிங்கைப் பார்த்தான். நிமிரவில்லை.

“இன்னாய்யா?”

“எறங்கிதான் கீது.”

இரண்டு விரல்கடை. மூட்டை முழுசாக இருந்தபோது இறங்கிய அதே அளவு. சிங்காரம் சைடுகாரை விளிம்பில் பிடித்துத் தூக்கிப் பார்த்தான். மீன் கூடை தூக்கித் தூக்கி உரமேறிய கை. அசையவில்லை.

இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் பாப்பா தனியாக இருந்தாள். போய்த்தான் ஆகவேண்டும்.

6.41. பனைமரங்கள். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

வசந்தா கால்களை மேலே இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். வைக்க வேறு இடமில்லை.

அப்போது அவளுக்கும் கேட்டது.

இடது பக்கம். முழங்கால் உயரத்திலிருந்து. ஒரு பெண் குரல். அதில் கோபம் இல்லை. ரொம்பக் களைத்துப்போன குரல்.

“இன்னும்... எவ்ளோ தூரம்...?”

சிங்காரத்தின் முதுகு விறைத்தது. இந்தத் தடவை அவன் பதில் சொல்லவில்லை.

6.44. மறுபடி.

“இன்னும்... எவ்ளோ...”

அவன் வாய் திறக்கவில்லை.

அவளுடைய புடவை நுனியை யாரோ பிடித்தார்கள்.

மெதுவாக... இழுத்தார்கள்.

பாப்பா இழுப்பதுபோல.

வீடு வரும்வரை அந்தப் பிடி விடவில்லை. 7.05க்கு வாசலில் இறங்கியபோது புடவை நுனி ஒரு கைப்பிடி அளவுக்குக் கசங்கி, ஈரமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. மூன்று நாள் போயிருந்தது. பகல் வெளிச்சம் சிங்காரத்துக்குத் தைரியம் கொடுத்திருந்தது. ஸ்பிரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும், காற்றுச் சத்தத்தில் பயந்துவிட்டோம் என்று தனக்குத்தானே சொல்லி நம்பியும் விட்டான். பாப்பா தலை பின்னி, பூ வைத்து, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நைனா, என்னைத் தூக்கி அதுல வைய்யேன்.”

6.40க்கு முதல் பஸ்ஸில் காசிநாதன் வந்து இறங்கினார். மூன்று நாளாகத் தூங்காத முகம்.

“கொயந்தையை ஒக்கார வச்சுட்டீங்களா?”

“இல்ல” என்றாள் வசந்தா.

அவர் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“எட்டு வருசம் ஆச்சும்மா. எஞ் சம்சாரம் இங்க பக்கத்துல பூஞ்சேரியில, தாய் வூட்ல இருந்தா. வவுத்துவலி. இதுலதான் ஒக்கார வச்சு ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனேன். வழி பூரா கேட்டுகினே வந்தா, இன்னும் எவ்ளோ தூரம்னு. நானும் தோ வந்துட்டோம், தோ வந்துட்டோம்னு சொல்லிகினே போனேன்.”

துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

“டாக்டர் தொட்டுப் பாத்துட்டு, உயிர் போயி ஒரு மணி நேரம் ஆவுதுன்னாரு. திருக்கழுக்குன்றம் வர்றதுக்கு முன்னியே போயிருக்கு. ஆனா... ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கேட்டுகினேதாம்மா வந்தா.”

வசந்தாவின் கை தானாகப் போய்ப் பாப்பாவின் தோளைப் பிடித்தது.

“ஆஸ்பத்திரிக்காரங்க அவ ஒடம்பைத்தான் எறக்குனாங்க” என்றார் காசிநாதன். “வந்தாச்சுன்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. வழி பூரா பொய் சொன்னவன் நான். ஒரு பொம்பளை சொன்னா கேப்பா. வந்தாச்சு, எறங்குன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடு தாயி. அப்புறம் உம் பொண்ணு தாராளமா குந்திக்கினு போவலாம்.”

“சொல்லிடேன் வசந்தா” என்றான் சிங்காரம். “ஒரு வார்த்தைதான?”

வசந்தா சைடுகாரைப் பார்த்தாள். ஸ்பிரிங் இரண்டு விரல்கடை இறங்கியே இருந்தது. உள்ளே இருப்பவள்மேல் அவளுக்கு இரக்கமாகத்தான் இருந்தது. வலியோடு போகிற வழி எவ்வளவு நீளம் என்று அவளுக்கும் தெரியும். ஒரு வார்த்தை. சொன்னால் முதுகு பிழைக்கும். மகள் நடப்பாள்.

சைடுகாருக்கும் வாசற்படிக்கும் நடுவே மூன்றடிதான் இருந்தது. வீட்டுக் கதவு திறந்திருந்தது.

“எறங்கி அவ எங்க போவா, பெரியவரே?”

காசிநாதன் திறந்திருந்த கதவை ஒரு தடவை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

வசந்தா குனிந்து பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்ற கையால் கதவை இழுத்துச் சாத்தினாள்.

“நான் சொல்லமாட்டேன்” என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.