ஸ்டெல்லாவின் உயிருள்ள கல்

ஸ்டெல்லா போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பியிடமிருந்து வாட்ஸப்பில் இரண்டே வரி... என் காபி ஏடு படிந்து அப்படியே இருக்கிறது.

போன வாரம்தான் நான் போட்ட வெண்பொங்கல் ஃபோட்டோவுக்கு, "உப்பு கம்மியா தெரியுதே அண்ணாச்சி" என்று கமெண்ட் போட்டாள். நம்ப மாட்டேன். நம்பவே மாட்டேன்.

தெரியாதவர்களுக்கு... எண்பதுகளில் ஹைதராபாத்தில் ஒரு மத்திய அரசு ஆய்வுக்கூடம். அதன் கல் அறுக்கும் பிரிவுக்கு ஏகச் சக்கரவர்த்தி அடியேன். இமயமலையைக் கொடுத்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்குள் அப்பளமாக அறுத்துத் தருவேன்.

ஸ்டெல்லா அங்கே பிஎச்.டி. மாணவி. அதே ஊர்த் திருமுல்கேரியில் வளர்ந்த பாளையங்கோட்டைக் குடும்பத்துப் பெண்.

கடப்பாவிலிருந்து வரும் வரிவரியான சுண்ணாம்புக் கற்கள்தான் அவள் ஆராய்ச்சி. நூறு கோடி வருஷத்துக்கும் முன்னால், கடலில் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அடுக்கடுக்காகக் கட்டியவை.

"ஆளில்லாத வீட்டையே எத்தனை நாள் பாக்க அண்ணாச்சி? கட்டுதவன் இன்னும் கடலுக்குள்ள உயிரோட இருக்கான். அவனைப் பாக்கணும்" என்பாள்.

கைடு ஒப்புக்கொள்ளவில்லை. கண்ணால் பார்த்தால் யோசிக்கிறேன் என்றார்.

இவள் பூகோளத்தில் ஒரு தபால்பெட்டி விடாமல் கடிதம் எழுதினாள். கடைசியில் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியர், கடல்நீர் பாட்டிலுக்குள் அப்படி உயிருள்ள கல்லில் ஒரு துண்டு கொடுத்தனுப்பினார். மேலே வழவழவென்று பச்சைத் தோல்.

அதை எடுத்து என் மேஜைத் தட்டில் வைத்துவிட்டு, கைடைக் கூட்டி வர மாடிக்கு ஓடினாள். அவர் மீட்டிங்கில். ஒரு மணி நேரம்.

எங்கள் பிரிவில் ஒரே சட்டம். தட்டுக்கு வந்த கல்லைத் தேய், கழுவு, ஓவனில் காயவை.

தங்கச்சிக்கு வேலை மிச்சமாகட்டுமே என்று... கம்பி பிரஷ்ஷால் பச்சையைச் சுரண்டி, ஓவனில் வைத்து, மொறுமொறுவென்று எடுத்துவிட்டேன்.

"என்ன அண்ணாச்சி... கழுவிட்டியளா?"

"பின்னே? கல்யாணப் பொண்ணு மாதிரி ஜொலிக்குது பாரு!"

"அது உயிரோட இருந்துச்சு அண்ணாச்சி."

பின்னாலேயே கைடு. "வேர் இஸ் யுவர் லிவிங் ராக்?"

ஹைதராபாத்தையே வாயால் விற்று வாங்குகிற நான், கம்பி பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலே, "ஐ புட் இட் இன் தி ஓவன், சார். மை மிஸ்டேக்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டுப் போனார். மறுபடி அதே கடப்பாக் கல். இரண்டு வருஷம்.

அப்புறம்தான் கிளம்பினாள்... ஹுசைன் சாகர் ஏரியை பஸ் ஜன்னலில் மட்டுமே பார்த்தவள், நீச்சல் கற்றுக்கொண்டு, வேறு தேசத்தில் பிஎச்.டி.யை முதலிலிருந்து தொடங்கி, அந்தத் துண்டு வந்த கடலுக்குள்ளேயே இறங்கினாள். அங்கே உயிரோடு இருந்த கல்லின் முதல் ஃபோட்டோ எனக்குத்தான் வந்தது. பின்பக்கம், "இதையும் கழுவிராதிய" என்று எழுதி.

"சார்கிட்ட உண்மையைச் சொல்லிடட்டுமா?" என்று போனில் கேட்பேன்.

"நக்கோ, வேண்டாம் அண்ணாச்சி. மெமோ குடுத்துருவாரு."

நான் ரிட்டயர் ஆன பிறகும் அதே பதில். நானும் அதைச் சௌகரியமாகப் பிடித்துக்கொண்டேன்.

சார் போய்ப் பல வருஷம் ஆகிறது. இன்றைக்கு இவளும்...

சார், ஸ்டெல்லா அங்கே வருகிறாள். அன்றைக்கு அந்தக் கல்லை ஓவனில் வைத்தது அவள் இல்லை. நான்.

போய் வா தங்கச்சி.