கார் ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது

எங்கள் தாமானில், அதாவது நாங்கள் இருக்கும் குடியிருப்பில், ஒரு பொம்பளை நடந்து போனால் அதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று கார் கெட்டுப்போயிருக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் சண்டை. உடம்பைக் குறைக்க ஒருத்தி ரோட்டோரமாக நடப்பாள் என்று கிள்ளானில் யாருக்கும் தோன்றுவதில்லை. அதற்கென்று பூங்கா இருக்கிறது. காரில் போய் இறங்கி, நடந்து, மறுபடி காரில் ஏறி, வழியில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவார்கள். நானும் அங்கேயே போயிருக்கலாம். ஆனால் பூங்காவுக்கு வருகிற பெண்கள் எல்லாரும் இறுக்கமான கறுப்பு லெக்கிங்ஸ் போட்டிருக்கிறார்கள். என் அளவில் அது கிடைத்தாலும் போட்டுக்கொண்டு வெளியே வரும் துணிச்சல் எனக்குக் கிடையாது. அதனால் வேலைக்குப் போட்ட பஞ்சாபி சூட்டோடு, கையில் ஒரு காலிப் பையை எடுத்துக்கொண்டு, கடைக்குப் போகிறவள் மாதிரி எங்கள் தெருவிலேயே நடக்க ஆரம்பித்தேன்.

எதற்கு நடந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் மற்றது எதுவும் புரியாது.

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நான் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இந்த மனிதர் உயிரோடு வெளியே வந்தால் பத்துமலையில் பால்குடம் எடுக்கிறேன் என்றேன். வேண்டிக்கொண்ட வாய் என்னுடையது. சுமக்க வேண்டிய உடம்பும் என்னுடையதுதான். அதை ஒரு வார்த்தை கேட்காமலே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அவர் பிழைத்தார். தைப்பூசத்துக்கு விரதம் இருந்தேன். மாலையில் தோசை, வடை, தேங்காய்ப்பால் போட்ட பாயாசம். கவிச்சி இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எல்லாவற்றையும் இரண்டு மடங்கு சாப்பிட்டேன். விரதம் இருந்து எடை கூடியவள் இந்த மலேசியாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பிரிக்ஃபீல்ட்ஸில் வாங்கிய மஞ்சள் ரவிக்கையை இரண்டு முறை பிரித்துத் தைத்தேன்.

பால்குடம் எடுத்தவர்களுக்குத் தெரியும், குடத்தைத் தரையில் வைக்கக் கூடாது. தலையில் ஏற்றினால் மேலே குகையில்தான் இறக்க வேண்டும். பாதிப் படி வரைக்கும் நான் ஏறினேன். அதற்குமேல் மூச்சு வரவில்லை. காதுக்குள் இடிச் சத்தம் கேட்டது. பின்னால் வந்தவர்கள் நகரச் சொன்னார்கள். ஓரமாகப் போய்ப் படியிலேயே உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டேன். எழுந்திருக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் எனக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருந்தார், விரதமும் என்னோடு சேர்ந்து இருந்தவர். குனிந்தார், குடத்தை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார், ஏறத் தொடங்கினார். வேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை.

பக்கத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் ஒரு போத்தலை நீட்டினாள். யாருக்காக வேண்டுதல் ஆன்டி என்று அன்பாகத்தான் கேட்டாள். நான் படியேறிக்கொண்டிருந்த அவர் முதுகைக் காட்டினேன். அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் படியில் நான் பட்ட வெட்கத்தை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது.

வேண்டுதல் அப்படியே பாக்கி நின்றது. அடுத்த தைப்பூசத்துக்கு நானே ஏறியாக வேண்டும். அதற்குத்தான் நடை.

முதல் நாள் தெருமுனையைத் தாண்டவில்லை. ஸ்கூல் வேன் ஓட்டும் அண்ணன் ஒருவர் வேனை நிறுத்திவிட்டார். கார் என்ன ஆச்சு என்று கேட்டார். கார் நன்றாகத்தான் இருந்தது, வீட்டு வாசலில் நின்றது. உடம்பு குறைக்க நடக்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

“ஒர்க்‌ஷாப்ல இருக்குண்ணே.”

“அப்ப ஏறும்மா, நான் அந்தப் பக்கந்தான் போறேன்.”

ஏறிக்கொண்டேன். அவர் எந்தப் பக்கமும் போகவில்லை, எனக்காகத்தான் வேனைத் திருப்பினார். மளிகைக்கடை வாசலில் இறக்கிவிட்டார். இறக்கிவிட்டதோடு நிற்காமல், நான் உள்ளே போகும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா நுழைந்து வர முடியுமா? ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கினேன். வீட்டுக்கு வந்து அதைத் தின்றேன். அன்றைய உடற்பயிற்சி அவ்வளவுதான்.

மறுநாள் வேறொரு கார். அதற்கடுத்து இன்னொன்று. எங்கள் ஆட்களின் நல்ல மனசைச் சொல்லி மாளாது. வெயிலில் ஓர் அக்கா நடந்து போவதைப் பார்த்துவிட்டு அவர்களால் தாண்டிப் போக முடியாது. நானும் ஒவ்வொரு தடவையும் ஏறினேன். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் அது ஊருக்கே தெரிந்த காரியமாகிவிடும். அடுத்த முறை கோயிலில் பார்க்கிறவர்கள் எவ்வளவு குறைஞ்சிருக்கு என்று மேலும் கீழும் பார்ப்பார்கள். யாருக்கும் தெரியாமல் தோற்றால் தோற்றதாகவே ஆகாது என்பது என் கணக்கு. நடக்க விடாமல் என்னைத் தடுத்தது என் முழங்கால் இல்லை. என்னால் முடியாது என்று மற்ற எல்லாரையும்விட முதலில் முடிவு செய்திருந்தவள் நான்தான். அதற்குச் சாட்சி வேண்டாம் என்று பார்த்தேன், அவ்வளவுதான்.

பொய் சொன்ன பிறகு காரை வாசலில் வைத்திருக்க முடியுமா? வேலை முடிந்து வரும்போது கடைவரிசைக்குப் பின்னால், குப்பைத்தொட்டிகள் இருக்கும் சந்தில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அதில் ஒரு லாபம் இருந்தது. சந்து வழியாகப் போனால் கார்கள் குறைவு, நடை மிஞ்சும். காலையில் திரும்பவும் நடந்து போய் எடுத்தேன். வீட்டுக்காரரிடமும் ஒர்க்‌ஷாப் என்றே சொன்னேன், கியர்பாக்ஸ் போய்விட்டது என்றேன், கூட வேலை செய்யும் ஒருத்தி ஏற்றி இறக்குகிறாள் என்றேன். கிரேன் ஓட்டியவரிடம் கியர்பாக்ஸ் என்று சொன்னது என் புத்திசாலித்தனம். எந்த ஒர்க்‌ஷாப், என்ன சத்தம் வந்தது, நானே வந்து பார்க்கிறேன் என்று குடைந்தார். வெயில் உங்களுக்கு ஆகாது என்று சொல்லிச் சொல்லியே அவரை வீட்டில் உட்கார வைத்தேன்.

ஒரு சாயங்காலம் நான் வியர்த்து வழிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது சாப்பாட்டு மேசைமேல் ஒரு பெரிய பை இருந்தது. அரிசி, எண்ணெய், மைலோ, மீன் டின். எதிர்வீட்டு அக்கா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அந்த அக்கா மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர். கஷ்டப்படுகிற வீடுகளுக்கு அவர்கள் சர்ச்சில் இப்படிப் பை கட்டிக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டுக்கு அது வந்திருந்தது.

என் வீட்டுக்காரர் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டு அக்கா வந்து, தவணை கட்டவில்லை என்று பேங்க்கில் காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாமே, வைத்தியச் செலவில் சிரமம் என்றால் சொல்லக் கூடாதா என்று கண் கலங்கிக் கேட்டிருக்கிறார். தாமான் முழுக்க அப்படித்தான் பேச்சாம். மறுத்தால் அவர் மனசு புண்படும் என்று இவர் பையை வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகு கடைப்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். சந்தில் கார் நின்றிருக்கிறது.

“எவனோ காரை இழுத்துட்டுப் போயிட்டான்னு என்னையப் பாத்துச் சொல்றாங்க. நான் தலையாட்டிக்கிட்டு நிக்கிறேன்,” என்றார். கோபத்தில் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்த வருஷம் குடத்தை நானே மேலே கொண்டு போக வேண்டும், போன வருஷம் மாதிரி அசிங்கப்பட என்னால் முடியாது என்றேன்.

அவர் பையை ஓரமாக நகர்த்தினார். பிறகு கேட்டார்.

“போன வருசம் நான் தூக்குனது உனக்கு அசிங்கமா?”

“நான் உங்களுக்காக வேண்டிக்கிட்டது. நீங்களே தூக்குனா நான் எதுக்கு?”

“ஆபரேஷனுக்குப் பிறகு தண்ணி போத்தலக்கூட யாரும் என்னையத் தூக்க விடல. அன்னிக்குத்தான் ஒண்ணத் தூக்குனேன். நல்லா இருந்துச்சு எனக்கு.”

ஒரு வருஷமாக அந்தப் படியையே நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். எத்தனை தடவை நினைத்தாலும் அதில் தெரிந்தது என் உடம்பு, என் மூச்சு, என்னைப் பார்த்த அந்தப் பெண்ணின் கண். மேலே ஏறிக்கொண்டிருந்த மனிதர் என்ன நினைத்தார் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. குண்டாக இருப்பதற்கு வெட்கப்பட்டு எனக்குப் பழக்கம். அன்றைக்குப் பட்டது வேறு வெட்கம்.

பையைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். ரோட்டைக் கடக்கிற அந்தத் தூரம் எனக்கு எந்த நடையையும்விட நீளமாக இருந்தது. கார் எங்கேயும் போகவில்லை அக்கா, நான் உடம்பைக் குறைக்க நடக்கிறேன், சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் பொய் சொன்னேன் என்றேன். மெலியும் ஆசையைச் சத்தமாக ஒரு மனுஷியிடம் சொன்னது வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை. அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பயந்திருந்த அதே பார்வை. பிறகு பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“அப்ப அரிசி உனக்கு வேணாம்லா,” என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். அக்கா மூலம் விஷயம் பரவியதும் கார்கள் நிற்பது நின்றது. பதிலாக வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, இன்னும் குறையலையே அக்கா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வேன் அண்ணன் ஹார்ன் அடித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு முறையும் காது சூடாகும். சில நாள் பாதியிலேயே திரும்பி வந்து கட்டிலில் விழுந்திருக்கிறேன். எடை பெரிதாக இறங்கவில்லை, ரவிக்கையில் பிரித்த தையல் பிரித்தபடியேதான் இருந்தது. ஆனால் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் ஒரே மூச்சில் ஏற முடிந்தது. கடைசி வாரங்களில் குடத்தில் தண்ணீர் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்தேன். வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து, கழுத்தை நேராக வை, கீழே பார்க்காதே என்று கிரேனில் சுமை ஏற்றுகிற குரலில் சொல்லிக்கொண்டிருப்பார். எதிர்வீட்டு அக்கா ஜன்னலிலிருந்து பார்ப்பார். பார்க்கட்டும் என்று விட்டேன்.

கூட்டம் வேண்டாம் என்று தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையே போனோம். காலை வெயில் ஏறுவதற்கு முன் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டேன். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டேன். நான் நின்றாலும், உட்கார்ந்தாலும், குடத்தை மட்டும் தொடக் கூடாது. அவர் சரி என்று சொல்லி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு எனக்கு ஒரு படி கீழேயே ஏறி வந்தார்.

போன வருஷம் உட்கார்ந்த இடம் வந்ததும் கால் தானாகவே நின்றுவிட்டது. மூச்சு அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் உன்னால் முடியாது என்ற அந்தப் பழைய பேச்சு உள்ளே தொடங்கிவிட்டது. மார்பில் வியர்வை இறங்கியது. குடத்திலிருந்து கொஞ்சம் பால் சிந்தி நெற்றியில் வழிந்தது. எங்களைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் நின்றான். நல்ல பிள்ளை. கொடுங்க ஆன்டி, நான் மேலே கொண்டு வந்து தரேன் என்று இரண்டு கையையும் நீட்டினான். அவர் எனக்குப் பின்னால் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“வேணாம்பா,” என்றேன். “குண்டா இருக்கேன், மெதுவாத்தான் ஏறுவேன். நீ போ.”

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முகம் சுட்டது, அழுகைகூட வந்தது. அழுதுகொண்டே ஏறினேன். படிகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு மேடையிலும் நின்றேன். கிழவிகள் என்னைத் தாண்டிப் போனார்கள், கைக்குழந்தைக்காரிகள் தாண்டிப் போனார்கள். எல்லாருக்கும் பிறகு நான் போய்ச் சேர்ந்தேன்.

குகையில் பூசாரி குடத்தை வாங்கி முருகனுக்குப் பாலை ஊற்றிவிட்டுக் காலிக் குடத்தைத் திருப்பித் தந்தார். கழுத்து மரத்துப்போயிருந்தது. திரும்பினேன். அவர் அப்போதும் கைகளைப் பின்னால் கட்டியபடியே நின்றுகொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்ட வார்த்தையை மேலே வந்த பிறகும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். போதும், கையை எடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை, வழியெல்லாம் என் மூச்சையே எண்ணிக்கொண்டு வந்திருக்கிறேன்.

“இறங்கும்போதாவது நான் தூக்கட்டுமா?” என்று கேட்டார்.

காலிக் குடத்தை அவரிடம் கொடுத்தேன். அதில் ஒன்றுமே இல்லை. அவர் அதைத் தலையில் வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, கழுத்தை நேராக வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கினார்.