‘எச்சில்’ குழுவின் வெள்ளி விழா

எட்வினைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதச் சொன்னால் எனக்குக் கை வராது. எங்கள் குழுவின் பாடகன் அவன். பாடகன் என்பதுகூட அதிகம், கத்துவான். இருபத்தைந்து வருடங்களுக்கு முன்பு, பாளையங்கோட்டையில் படிக்கும்போது, திருட்டு சிடியில் பங்க் ராக் என்கிற மேல்நாட்டுக் கலகப் பாட்டு கேட்டுக் கெட்டுப்போன மூன்று பேர் சேர்ந்து ‘எச்சில்’ என்று ஒரு குழு ஆரம்பித்தோம். எட்வின் கிட்டார், மேலப்பாளையம் யஹ்யா டிரம்ஸ், இசக்கிதுரையாகிய நான் பேஸ் கிட்டார். மூன்று பேருக்கும் சேர்த்து கிட்டாரில் மூன்று கார்டு பிடிக்கத் தெரியும். அதிலும் ஒன்று தப்பு.

அன்றைய எட்வினுக்கு யாரையும் பிடிக்காது. கடற்கரையில் மீன்பிடி வள்ளம் வைத்திருந்த சொந்த அப்பாவைப் பிடிக்காது, பங்குச் சாமியாரைப் பிடிக்காது, பிரின்ஸ்பாலைப் பிடிக்காது. மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்கிற பெரிய மனிதர்களைக் கண்டால் ஆகவே ஆகாது. ‘போர்த்து போர்த்து, பொணத்துக்கும் போர்த்து’ என்று அவன் எழுதியதுதான் எங்களுடைய உருப்படியான ஒரே பாட்டு. கல்லூரி ஆண்டு விழாவில், சால்வையோடு உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரின் முகத்துக்கு நேராக அதைப் பாடினான். மூன்று பேரும் சஸ்பெண்ட் ஆனோம். அன்றைக்கு அவனை நான் கும்பிடாத குறை.

அந்த எட்வின் இப்போது மணிமுத்தாறு பக்கம் பண்ணை வீட்டு மனை விற்கிறான். நோட்டீஸில் அருவி கொட்டும். மனையில் போய் நின்றால் கருவேல முள் குத்தும். நான் டவுணில் மைக் செட் வாடகைக்கு விடுகிறேன். யஹ்யா சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக்.

வெள்ளி விழா என்று எட்வின்தான் கிளப்பினான். லீவில் வந்திருந்த யஹ்யா அவனிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

“லே, அந்தப் பாட்ட மட்டும் ஒருக்கா அடிச்சிருவோம். நான் டிரம்ஸ் அடிச்சேன்னு சொன்னா எம்பிள்ள தஸ்மியா நம்ப மாட்டேங்கா. போன்ல பேசுத வாப்பாவத்தான் அவளுக்குத் தெரியும்.”

“அடிக்கோம்லே” என்றான் எட்வின். விழாவுக்கு மறுநாள் யஹ்யாவுக்கு விமானம்.

டவுணில் ஒரு கல்யாண மண்டபம். மத்தியானம் மட்டும் எங்களுக்கு, சாயங்காலம் யாருக்கோ வரவேற்பு. வாசல் பேனரில் ‘நெல்லை நண்பர்கள் இசைக்குழு’ என்று போட்டிருந்தது.

“எச்சில் எங்கலே?” என்றேன்.

“பெரிய மனுசங்க வாராங்க வே. அது நல்லாவா இருக்கும்?”

பெரிய மனிதர்கள் என்றால் மனை வாங்கக்கூடியவர்கள். மேடை நிறைய நாற்காலி. டிரம்ஸைப் பின்னால் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். யஹ்யா அங்கே குச்சியோடு உட்கார்ந்தான். முன் வரிசையில் அவன் மனைவி நஸீமா, பக்கத்தில் தஸ்மியா.

பொன்னாடை ஆரம்பித்தது. எட்வின் ஒருவருக்குப் போர்த்துவான், அவர் திருப்பி எட்வினுக்குப் போர்த்துவார். அதைப் பார்த்து அடுத்தவர் எழுந்திருப்பார். ஒருவரை விட்டுவிட்டால் மனவருத்தம் வந்துவிடும், மனை போய்விடும். கீழே உட்கார்ந்திருந்தவர்களையும் பெயர் சொல்லி மேலே அழைத்தான். துண்டு தீர்ந்ததும் தன் தோளில் கிடந்ததையே உருவி, மடித்து, அடுத்தவருக்குப் போர்த்தினான். வெட்கங்கெட்ட பயல்.

“எட்வின், ஆரம்பிப்பமாலே?” என்றான் யஹ்யா.

“பொறுலே, இன்னும் ரெண்டு பேருதான்.”

அந்த இரண்டு பேர் முடியவே இல்லை. வரவேற்புக்கு வந்த பூ அலங்காரக்காரர்கள் மேடையின் ஓரத்தில் ஏணியைச் சாத்திவிட்டார்கள். யஹ்யா ஏணியைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். பிறகு யாரையும் கேட்காமல் அடித்தான். எங்கள் பாட்டின் ஆரம்பம். இத்தனை வருடக் கோபமும் அந்தக் கையில் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பேஸ் கிட்டாரை எடுத்து மாட்டினேன்.

அந்த நேரம் பார்த்து எட்வின் ஒரு அரிசி மில் அண்ணாச்சியின் தோளில் துண்டைப் போர்த்தினான். அடி முடிந்ததும் துண்டு விழுந்ததும் ஒன்றாக அமைந்துவிட்டது. மண்டபமே கைதட்டியது. அண்ணாச்சி நெகிழ்ந்துபோய் டிரம்ஸைப் பார்த்துக் கும்பிட்டார்.

“ஏலே, இது அருமையா இருக்கே!” என்று எட்வின் மைக்கிலேயே சொன்னான். “ஒவ்வொரு அண்ணாச்சிக்கும் இப்படியே அடி!”

யஹ்யா என்னைப் பார்த்தான். நான் எட்வினைப் பார்த்தேன். அடுத்த ஆள் தலை குனியாமல் டிரம்ஸ் பக்கமே பார்த்துக் காத்திருந்தார். கீழே தஸ்மியா நாற்காலி மேல் ஏறி, உம்மாவின் போனை வாங்கி வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

யஹ்யா அடித்தான். அடுத்தவருக்கும் அடித்தான். வந்த எல்லாருக்கும் அடித்தான்.

பாட்டு வரவே இல்லை. எட்வின் நன்றி சொல்லி, மனையைப் பற்றியும் சொல்லி முடிப்பதற்குள் மேடையை விட்டு இறங்கச் சொன்னார்கள். “பாட்ட அடுத்த லீவுல வச்சுக்கிடுவோம்லே” என்று யஹ்யாவின் முதுகில் தட்டினான். நான் எட்வினைச் சொன்ன வார்த்தையை இங்கே அச்சில் போட முடியாது. அவன் சிரித்துக்கொண்டே அண்ணாச்சிகளை வழியனுப்பப் போனான்.

தஸ்மியா ஓடி வந்தாள். “வாப்பா, நெசமாவே நல்லா அடிச்சிய! அவங்க துண்டு போடப் போட கரெக்டா அடிச்சிய. அந்தக் காலத்துலயும் இப்படித்தான் அடிச்சியளா?”

யஹ்யா குச்சிகளைப் பையில் வைத்தான்.

“ஆமாம்மா, இப்படித்தான்” என்றான்.