நல்ல தகரத்தை ஏன் பிரித்தேன்

பிள்ளைகளே, நன்றாக இருந்த தகரத்தை அப்பா ஏன் பிரித்துப் போட்டார் என்று பெரியவள் கேட்டாள். சின்னவன் கேட்கவில்லை. ஒழுகுகிற இடத்துக்குச் சட்டியை நகர்த்தி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டான். கேட்டவளுக்கும் கேட்காதவனுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். அன்றைக்கு வாயால் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

குடிசையில் இருப்பவர்களுக்குக் கான்கிரீட் வீடு கட்ட அரசாங்கம் பணம் தருகிறது. அதற்கு எழுதிக் கொடுக்க நான் பென்னாகரத்துக்கு நடையாய் நடந்தேன். கம்ப்யூட்டர் சென்டரில் சர்வர் இல்லை என்பார்கள். சர்வர் வந்த அன்றைக்கு ஆபீசர் மீட்டிங் போயிருப்பார். கூலி போனதுதான் மிச்சம். ஒருவழியாகக் கிராம சபையில் நம் பேரையும் வாசித்தார்கள். ஆபீசர் வந்து வீட்டைப் பார்த்துப் போட்டோ எடுப்பார், அப்புறம் ஆர்டர் வரும் என்றார்கள்.

அங்கேதான் கெட்டது. ஆள் வருகிறார் என்றால் வீட்டைத் திருத்தி வைப்பதுதானே நம் பழக்கம்? உங்கள் அம்மா மண்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி இரவல் வாங்கினாள். பிறகு அண்ணாந்து, கரும்புச் சோகை வேய்ந்த கூரையைப் பார்த்தாள்.

"பெரிய மனுசரு வர்றாரு. தலைமேல சொட்டற வூட்டுல உக்கார வெக்கிறதா?" என்று தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

உங்கள் மாமா, பிரித்துப் போட்டிருந்த ஆட்டுக் கொட்டாய்த் தகரங்களைப் பாப்பாரப்பட்டியிலிருந்து டெம்போவில் ஏற்றி வந்து, சோகைக்கு மேலேயே அடுக்கிக் கட்டினான். "மாமா, இனி மந்திரியே வந்தாலும் நனைய மாட்டாரு" என்று மேலே நின்றபடி சொன்னான். எல்லோரும் சிரித்தோம். நீங்களும்தான்.

ஆபீசர் சின்ன வயசு, தன்மையான பிள்ளை. நாற்காலியில் உட்காரவில்லை. காபியை நின்றபடியே குடித்துவிட்டு, போனைக் கூரைப் பக்கம் தூக்கினார்.

"என்னாங்க, தகரம் போட்டிருக்கீங்க?"

"ஒழுகுதுங்க சார். நீங்க வர்றீங்கன்னுதான்..."

"நான் என்னா பொண்ணு பாக்கவாங்க வர்றேன்? கூரை வூடா இருந்தாத்தான் திட்டத்துல வரும். தகரம் போட்டா குடிசைன்னு எழுத முடியாதுங்க."

"அடியில பாருங்க சார், சோகைதான். தகரம் எங்க மச்சானோடது."

"உங்க மச்சான் போட்டோல வர மாட்டாருங்களே."

பட்டியலில் இருந்து நம் பேர் போயிற்று.

திங்கட்கிழமை மனு நாளில் தருமபுரிக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிறவர் என்ன எழுதுவது என்று கேட்டார். வருகிறவர் நனையக் கூடாதென்று போட்ட தகரம் என்று எழுதச் சொன்னேன். "அப்பிடி எழுதுனா சிரிப்பாங்கண்ணா. மறுபடி வந்து பாக்கணும்னு எழுதறேன்" என்றார். அந்த மனு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் நம் ஒன்றிய ஆபீசுக்கே வந்து சேர்ந்தது.

"தகரத்த எடுத்துடுங்க. வந்து பாப்பாங்க" என்றார் அங்கே வேலை பார்க்கிற ஒரு பெண்.

"எப்பங்க வருவாங்க?"

"வர்றப்ப வருவாங்க."

மழை பிடித்துக்கொண்ட சமயம். அவர்கள் வரும் அன்றைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றால், அன்றைக்கு என்பது எப்போது? அதனால்தான், பெரியவளே, பிரித்தேன்.

நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்த ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் அதே ஆபீசர் வந்து நின்றார். முந்தின நாள் நல்ல மழை. பாய் எல்லாம் கொடியில் கிடந்தது. தரை முழுக்கச் சட்டியும் குண்டானும். அம்மா ஓடிப்போய் அவற்றை ஒதுக்கப் பார்த்தாள்.

"இருக்கட்டும்க்கா. அப்பிடியே இருக்கட்டும்."

ஒழுகிய தண்ணீர் நின்ற பாத்திரங்களை ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்தார். சுண்ணாம்பு கரைந்து வழிந்திருந்த சுவரையும் எடுத்தார். "இப்பதாங்க சரியா இருக்கு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு வாய் காபி குடிக்கிறீர்களா என்று கேட்க எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

"ஆர்டர் வந்துருங்களா சார்?"

"நான் அனுப்பிட்டேங்க. இனி மேல இருக்கறவங்கதான் பாக்கணும்."

சாயங்காலம் உங்களைக் கூட்டிவர அம்மா பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். மேற்கே மறுபடி கறுத்துக்கொண்டு வந்தது. தகரங்கள் புளியமரத்தில் சாத்திக் கிடந்தன. இன்னொருவர் வந்து பார்த்தாலும் பார்ப்பார் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். நீங்கள் இருவரும் தலைவைத்துப் படுக்கிற இடத்துக்கு நேர் மேலே கூரையைக் கொஞ்சம் விலக்கி, தகரத்தை உள்ளே நுழைத்தேன். அதன்மேல் பழைய சோகையைப் பரப்பி, பறக்காமல் ஒரு கல்லையும் வைத்துவிட்டு இறங்கினேன்.