சாலை முடிந்த இடத்தில் நின்ற வண்டி

அடிவாரத்து ஊரிலிருக்கும் தீயணைப்பு அருங்காட்சியகத்தில், பழைய சிவப்பு வண்டியில் ஏறி என் பிள்ளைகள் மணியை ஆட்டினார்கள். அந்தச் சத்தம் என்னை ஜவ்வாது மலையில் எங்கள் புல்வீடுகள் இருந்த சரிவுக்குக் கொண்டுபோய்விட்டது. கோடையில் காய்ந்த புல்லும் சாமை வைக்கோலும் மணக்கும் அந்தச் சரிவில் ஒரு மத்தியானம் காட்டுத்தீ இறங்கியபோது, பெரியவர்கள் பச்சைத் தழைகளை ஒடித்து நெருப்பை அடித்துக்கொண்டேயிருக்க, குதிருக்குள் சாமை படபடவென்று பொரிய, குழந்தைகள் நாங்கள் பாறைமேல் ஒண்டிக்கொண்டு கீழேயிருந்து வந்த மணியோசையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"வண்டி வந்துட்ச்சி, அழாத," என்றாள் அம்மா, கையில் கருகிய தழையோடு.

சாலை பாதி மலையிலேயே முடிந்திருந்தது. வண்டி அங்கேயே நின்றுவிட்டது. மணி மட்டும் வெகுநேரம் கேட்டு, பிறகு அதுவும் அடங்கிப்போனது.

எங்கள் வீடு எரிந்த கதை தெரிந்த என் சின்ன மகள், வண்டியில் உட்கார்ந்தபடியே, "இந்த வண்டிதான் வந்து அணைச்சுதாம்மா?" என்றாள்.

"அது மேல வர்றதுக்கு வழியில்ல கண்ணு," என்றேன்.

அந்தச் சரிவில் மறுபடி யாரும் கூரை போடவில்லை. உண்ணிச்செடி எல்லாவற்றையும் மூடிவிட்டது. மலையிலிருந்து இறங்கி வந்து, கலசப்பாக்கத்தில் எத்தனையோ வருடம் குடியிருந்தும், "உங்க வூடு எங்கம்மா?" என்று யாராவது கேட்டால், சாகும்வரை அம்மா ஒரே பதிலைத்தான் சொன்னாள்.

"எரிஞ்சிபோச்சிங்க."