கரடி படித்த இங்கிலீஷ்

இருபத்தாறு வருடமாக அவர் லிப்ட் மெக்கானிக். தான் பழுது பார்க்கும் சாமானின் பெயரைக்கூடத் தனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது என்பது ஐம்பத்தொன்றாவது வயதில்தான் அவருக்குத் தெரியவந்தது. அதைச் சொன்னது ஒரு செல்போன்.

கம்பெனி கைமாறியிருந்தது. கடல் கடந்த ஏதோ ஒரு பெரிய நிறுவனம் வாங்கிப்போட்டது. வந்தவர்கள் செய்த முதல் காரியம், மெக்கானிக்குகள் கைப்பட எழுதிக் கொடுக்கும் பழுதுச் சீட்டை ஒழித்ததுதான். இனிமேல் செல்போனில் இருக்கும் செயலியிடம் இங்கிலீஷில் வாயால் சொன்னால் போதும். அதுவே எழுதிக்கொள்ளும், அதுவே ஸ்டோருக்கும் சொல்லி அனுப்பிவிடும்.

'ஃபால்ட்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் 'பால்ட்டு' என்றார். செயலி அதை 'போல்ட் டூ' என்று எழுதிக்கொண்டது. மறுநாள் காலையில் ஸ்டோரிலிருந்து இரண்டு போல்ட்டு வந்தது. மோட்டாரில் பழுது என்றார்; இரண்டு போல்ட்டு. கதவில் பழுது என்றார். அதற்கும் இரண்டு போல்ட்டு. ஒரு மாதத்தில் கருவிப் பெட்டி தூக்க முடியாத கனம் கனத்தது. பட்டறையில் அவருக்கு 'ரெண்டு போல்ட்டு' என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தப் பெயரை வைத்தவர் சர்வீஸ் மேனேஜர். நுனிநாக்கில் இங்கிலீஷ் பேசுகிறவர். தும்மினால்கூட இங்கிலீஷில்தான் தும்முவார் என்று பட்டறையில் சொல்லிக்கொள்வார்கள். கம்பெனி எல்லோருக்கும் உச்சரிப்புத் தேர்வு வைத்தபோது மெக்கானிக் நூற்றுக்கு நாற்பத்தொன்று வாங்கினார். மேனேஜர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஆறு மாசம் டைம். எழுபது எடுக்கலைன்னா குடோனுக்குத்தான் அனுப்பணும். என் கையில ஒண்ணுமில்ல, புரியுதா?"

"லிப்ட்டு நல்லா ஓடுதே சார்."

"லிப்ட்டு ஓடும். லிஃப்ட்தான் ஓட மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி அலட்டிக்கொள்ளவில்லை. தையல் கடையில் பகலெல்லாம் பித்தான் துளை அடிக்கிறவள் அவள். சாயங்காலமானால் கம்ப்யூட்டரில் ஒரு மெய்நிகர் உலகத்துக்குள் போய்விடுவாள். வாடகைக்கு இருந்த இரண்டு அறை வீட்டில் துணி காயப்போட இடமில்லை. அந்த உலகத்தில் அவளுக்கு மாடி வீடும் மீன் குளமும் இருந்தன.

"எங்க தெருவுல ஒரு ஸ்கூல் இருக்குங்க. இங்கிலீஷ் வாயில நுழையாதவங்களுக்குன்னே நடத்துறாங்க. சேர்ந்துக்கிறீங்களா?"

"எந்தத் தெருவுல?"

"அங்க இருக்கிற எங்க தெருவுல" என்று திரையைக் காட்டினாள்.

உள்ளே நுழைய ஓர் உருவம் வேண்டும். கோட்டு போட்ட கனவான், குதிரை வீரன் எல்லாம் காசு கொடுத்தால்தான். இலவசமாகக் கிடைத்தது ஒரு பழுப்புக் கரடி. அப்படித்தான் அவர் கரடியானார்.

வகுப்பில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு நரி, ஒரு ரோபோ. நரி, ஏதோ ஒரு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் பெண். 'ஸ' வில் தொடங்கும் எந்தச் சொல்லையும் முன்னால் ஓர் 'எ' போடாமல் அவளால் தொடங்க முடியாது. எஸ்கூல், எஸ்டாப், எஸ்லோ. ரோபோ ரொட்டி சுடுகிறவர். அவர் ஊர்க்காரர்கள் வாய்க்கு 'ர' வராது. எல்லாம் 'ல' தான். தன்னையே 'லோபோ' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொண்டார். கரடி தன் பங்குக்கு நரியை 'ஃபாக்ஸ்' என்று கூப்பிட நினைத்து 'பாக்ஸ்' என்று கூப்பிட்டார். அவள் இரண்டு நாள் திருத்திப் பார்த்துவிட்டு, பெட்டி என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

ஆசிரியர் டை கட்டிய உயரமான ஆள். "மேல் பல்லைக் கீழ் உதட்டில் வையுங்கள், காற்றை மட்டும் விடுங்கள்" என்று சொல்லிக்கொடுத்தார். சொன்னவருக்கே அந்த உலகத்தில் உதடு அசையாது. வாய் இருக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும் திறந்து திறந்து மூடும். கரடிக்குப் பல்லே கிடையாது. ஆனாலும் கம்ப்யூட்டருக்கு இந்தப் பக்கம் அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு விடாமுயற்சியாக ஊதினார். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, நல்ல பல் டாக்டர் ஒருவரின் விலாசத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வேலை நேரத்திலும் பயிற்சி நடந்தது. லிப்ட் கூண்டின் உச்சியில் குந்திக்கொண்டு, இருட்டில் "ஃப்... ஃப்... ஃப்" என்று சொல்லிப் பார்ப்பார். ஆறாவது மாடியிலிருந்து புகார் போனது: லிப்ட்டுக்குள் காற்று கசிகிற சத்தம் கேட்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவரையே அனுப்பினார்கள். முழங்கால் வலிக்க வலிக்க மேலும் கீழும் தேடுவதாகப் பாவனை செய்துவிட்டு, சரிசெய்யப்பட்டது என்று கையெழுத்துப் போட்டார். அதன் பிறகு உச்சியில் வாயைத் திறக்கவில்லை.

நாலாவது வாரம் ஆசிரியர் வரவில்லை. இலவசக் காலம் முடிந்துவிட்டது என்று பலகையில் ஓர் அறிவிப்பு மட்டும் தொங்கியது. வகுப்பறையை மூட யாருக்கும் ஞாபகமில்லை போலும். மூன்று பேரும் வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் தப்பை ஒருவர் திருத்திக்கொள்வது என்று முடிவானது. முதல் மாதம் மும்முரமாகத் திருத்தினார்கள். அதற்கப்புறம் பேச விஷயம் நிறைய இருந்ததால் திருத்த நேரமில்லை. நரியின் மாமியார் பேசாமல் இருந்தே ஆளைக் கொல்கிறவள். ரோபோவின் அடுப்பு மழை நாளில் மக்கர் செய்தது. கரடி அதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே வழி சொல்ல, அடுப்பு எரிந்தது. ஐந்து மாதத்தில் மூவரும் மழை பெய்வதுபோல இங்கிலீஷ் பேசினார்கள். சொல்ல வந்தது ஒன்றுகூடத் தவறவில்லை.

மறுதேர்வில் அவருக்கு முப்பத்தெட்டு கிடைத்தது.

"குறைஞ்சிருக்கே!" என்றார் மேனேஜர், உண்மையாகவே வியந்துபோய். "ஆறு மாசம் கஷ்டப்பட்டுப் படிச்சு மூணு மார்க் கீழ இறங்கின ஆளை நான் இப்பதான் பாக்கிறேன்."

குடோன் உத்தரவு தட்டச்சாகிக் கையெழுத்துக்குக் காத்திருந்த வாரத்தில், தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு ஆய்வாளர் அம்மாள் ஒருவர் வந்து இறங்கினார். குள்ளமான உருவம், காலில் கனத்த பூட்ஸ். வந்ததும் வராததுமாக, போன மாதம் புதுக் கம்பிவடம் மாட்டிய பதினான்கு மாடிக் கட்டடத்துக்குப் போகச் சொன்னார். மேனேஜர் கூடவே போனார். டார்ச் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டார்கள்.

அந்தக் கம்பிவடம் கப்பிச் சக்கரத்தின் 'க்ரூவ்' பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை என்று மெக்கானிக் இரண்டு தடவை செயலியிடம் சொல்லியிருந்தார். நாலு போல்ட்டு வந்தது. மேனேஜரிடம் நேரில் போய்ச் சொன்னதற்கு, செயலியில் பதிவு செய்யுங்கள் என்று பதில் வந்தது.

மோட்டார் அறையில் ஆய்வாளர் வடத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. "லோப் லாங்!" என்றார்.

"யெஸ் மேடம், வெரி லாங்" என்றார் மேனேஜர், பெருமையாக. "சிக்ஸ்டி மீட்டர்ஸ்."

"நோ! லாங்! லோப் லாங்!"

"தேவைப்பட்டால் இன்னும் நீளமாகவே போடுகிறோம் மேடம்" என்று மேனேஜர் மாசு மருவற்ற இங்கிலீஷில் உறுதியளித்தார். ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மெக்கானிக்குக்குக் காதில் விழுந்தது ரோபோவின் குரல்போலவே இருந்தது. ஐந்து மாதமாகத் தினமும் ஏழு மணிக்குக் கேட்ட குரல்.

"சார், அவங்க நீளம்னு சொல்லல. தப்புன்னு சொல்றாங்க. ராங். வடம் தப்பாம்."

மேனேஜர் திரும்பி முறைத்தார். அதற்குள் மெக்கானிக் ஆய்வாளரிடமே பேசத் தொடங்கிவிட்டார். "மேடம், ரோப் தின். க்ரூவ் பிக். பிட் ஆகலை... நோ பிட்."

"யெஸ்!" என்று அந்த அம்மாள் அவர் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "நோ பிட்! லைட், லைட்!"

மேனேஜர் சுவரோரமாகப் போய் விளக்கு ஸ்விட்சைத் தேடினார்.

அந்த நிமிடமே லிப்ட் நிறுத்தப்பட்டது. குடியிருப்பவர்கள் நாலு நாள் படியேறி, மூச்சிரைக்க இரைக்க மெக்கானிக்கைத்தான் திட்டினார்கள். வடம் மாற்றாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானே ஒரு தரம் நினைத்துப் பார்த்தார். மனைவியிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இங்கிலீஷ் எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று ஆய்வாளர் விசாரித்தார். கரடியாக இருந்து கற்றுக்கொண்டதை எப்படி விளக்குவது? "கம்ப்யூட்டர்... பிரண்ட்ஸ்... பியர்" என்றார். அந்த அம்மாள் சிரித்து, குடித்துக்கொண்டு படித்தால் சீக்கிரம் வரும் என்று தானும் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார். வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனிதர், மறுக்க வார்த்தை தேடிக் கிடைக்காமல் தலையாட்டிவைத்தார்.

குடோன் உத்தரவு கிழிக்கப்பட்டது. ஆய்வாளர் வரும்போதெல்லாம் கூட இருக்க வேண்டியவர் என்று அவருக்கு நீளமாக ஒரு பதவிப் பெயர் வந்தது. அதிலும் இரண்டு இடத்தில் 'ஃப' இருந்தது. செயலி இன்னும் அவர் பேச்சைப் புரிந்துகொள்ளவில்லை. ஆகவே அவர் தமிழில் சொல்வதை இங்கிலீஷில் செயலிக்குச் சொல்லும் பொறுப்பை மேனேஜரிடம் கொடுத்தார்கள். மனிதர் அதை அருமையாகச் செய்தார்.

"அந்த ஆய்வாளரம்மா பேச்சு எனக்கும் சொல்லிக்குடுங்களேன்" என்று ஒரு நாள் மெதுவாகக் கேட்டும் பார்த்தார்.

"அது ஏழு மணிக்கு மேலதான் சார் வரும்" என்றார் மெக்கானிக்.

அந்த வாரம் வகுப்பறைக்கு நரி தாமதமாக வந்தாள். துறைமுகத்தில் அவளுக்கும் தேர்வு வைத்திருந்தார்கள். யாருக்கும் தெரியாமல் தனியே ஓர் ஆசிரியரிடம் படித்து, தொண்ணூற்றிரண்டு வாங்கியிருந்தாள். கிரேனிலிருந்து இறங்கி இனி அலுவலகத்தில் உட்கார வேண்டும். சொல்லிக்கொள்ள வந்திருந்தாள். நிறுத்தி நிதானமாக, ஓர் 'எ' கூட வழுக்காமல், கண்ணாடிபோலப் பேசினாள். கரடியும் ரோபோவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை.

"பாக்ஸ், மெதுவா இன்னொரு தடவை சொல்லு" என்றார் கரடி.

அவள் இன்னொரு தடவை சொன்னாள். அதற்கு மேல் கேட்பது மரியாதையாக இருக்காது என்று இருவரும் கையசைத்தார்கள்.