தலைக்குள் ஓடிய மோட்டார்

தொண்ணூற்றொன்றில் பிள்ளைப்பாக்கத்து எங்கள் வீட்டில் இருந்தே கழனி மோட்டார் ஓடுவது கேட்கும். கேட்கிறவரை நிம்மதியாகப் படுத்துக் கிடப்போம். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று எவனுக்குத் தெரியும்? காதைத்தான் நம்பினோம்.

அந்தக் காதை நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பின் சத்தத்துக்குப் பறிகொடுத்துவிட்டேன். கழனியைப் பார்த்துக்கொள்ளும் தம்பி மாமியார் வீட்டுக்குப் போயிருந்த வாரம், மோட்டார் ஓடுகிறது என்று பேசாமல் இருந்தேன். போய்ப் பார்த்தால் நெல் காய்ந்து நிலம் வெடித்திருந்தது. இரைந்தது என் தலைக்குள்.

பட்டணத்தில் ஒரு காது டாக்டரம்மா இந்த இரைச்சலைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அவரிடம் போனேன்.

"ஒங்களுக்கு வெளிச் சத்தம் எவ்ளோ கேக்குதுன்னு மெஷின் சொல்லும். உள்ள இரையறது அதுக்குக் கேக்காது. மருந்து குடுத்தாலும், கொறைஞ்சுதான்னு ஒங்களத்தான் கேக்கணும். அளக்கவே முடியாதத எப்படி ஆராய்ச்சி பண்றது?" என்றார்.

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. வைத்தியத்துக்குப் போனவனிடமா புலம்புவது?

"காது கெட்டதும் மூளையே இந்தச் சத்தத்த உண்டாக்குதோன்னு சந்தேகம். இனிமே அங்கதான் தேடணும். எப்ப தெரியும்னு சொல்ல முடியாது."

என் கவலை வேறு. நெல் போனதால் தம்பியும் அதே பிரஸ் ஷாப்பில் சேர இருந்தான்.

"என்கூட மெஷின்ல நிக்கிறவனுக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் கீது. என் தம்பிக்கு வருமான்னு முன்னாடியே பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா."

"அதச் சொல்ற டெஸ்ட் இன்னும் இல்ல. முடிஞ்சா அனுப்பாதீங்க."

தம்பி கேட்கவில்லை. "ஒனக்கு வந்தா எனக்கும் வரணுமா இன்னா? சோத்துக்கு எங்க போறது?" என்றான். வேலைக்குச் சேர்ந்தவனுக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தேன். சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது என்று பிடுங்கி எறிந்தான்.

அடுத்த போகம் நட்டோம். ஒரு ஞாயிறு மத்தியானம் கரண்ட் போய் ஃபேன் நின்றது. புழுக்கம் தாங்காமல் இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். தம்பி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டான்.

"எங்கடா?"

"மோட்டாரு ஓடிக்கினே கீதுண்ணா. தண்ணி வழிஞ்சிடும், நிறுத்திட்டு வரேன்."



"கரண்ட் இல்லடா," என்றேன்.

நின்றான். கழனிப் பக்கம் ஒரு காதைத் திருப்பினான், பிறகு மற்றதை. அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.